இல்லாத மேடு

அந்த ஜன்னலைத் திறக்கப் போய்த்தான் என் நகம் பெயர்ந்தது.

கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள், அப்படிக் குண்டூர் நாட்டுப் பள்ளி ஒன்றுக்கு நான் மாற்றலாகி வந்த முதல் நாள் அது. கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறியதில் காலையில் சாப்பிட்டதெல்லாம் வழியிலேயே போயிருந்தது. வகுப்பறைக்குள் காற்றே இல்லை. சுவரில் பச்சைக் கதவு போட்ட ஜன்னல் ஒன்று அரைகுறையாகத் திறந்து கிடந்தது. அதன் வழியாக சில்வர் ஓக் மரங்களும் அவற்றின் மேல் படர்ந்த மிளகுக் கொடிகளும் தெரிந்தன. முழுசாகத் திறந்துவிடலாம் என்று கதவின் விளிம்பில் விரலைக் கொடுத்து வெடுக்கென்று இழுத்தேன். விரல் சுவரில் போய் இடித்தது. பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் குனிந்து சிரித்தார்கள்.

வெளியே யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. "டீச்சர், டீச்சர், அது பெயிண்டுங்க! நெசமில்லீங்க! கைய வெச்சுப்போட்டீங்களா?"

புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, சட்டையெங்கும் காய்ந்த பெயிண்டுச் சொட்டு, கையில் பட்டை பிரஷ். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். என் விரலைப் பிடித்து ஊதிவிட்டார். "புது டீச்சர் வந்தாச்சுன்னு கேட்டதுமே ஓடியாந்தேனுங்க. அதுக்குள்ளார இப்படி ஆகிப்போச்சே!"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதுவும் வாந்தி எடுத்த நாளில் கேட்கவே வேண்டாம். "சுவரில் எதற்கு இப்படி ஒரு பொய் ஜன்னல்?" என்று சீறினேன்.

"பிள்ளைங்க காத்தே வரலைன்னாங்க டீச்சர். சுவத்த ஒடைச்சு நெச ஜன்னல் வெக்க எனக்கு அதிகாரம் இல்லீங்களே" என்றார், ரொம்பச் சாதாரணமாக.

ஊரில் அவரைப் பெயிண்டரக்கா என்பார்கள். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவருக்கு ஏமாற்றுவதில் அப்படியொரு ஆசை, ஏமாந்தவர் முகத்தைப் பார்ப்பதில் அப்படியொரு பயம். இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு இருக்கிறதே, அதுதான் அவர்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த டீக்கடையின் சிமெண்டுத் தரையில் பாதாளத்துக்கு இறங்குவது போல ஒரு படிக்கட்டு வரைந்திருந்தார். வாசலில் நின்று பார்த்தால் கால் தானாகப் பின்வாங்கும். கடைக்குப் புதிதாக வருகிற ஆள் வாசலில் திகைத்து நிற்பார். அந்த நேரம் அக்கா உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தால் போச்சு, வந்தவர் முழுசாகத் திகைப்பதற்குள், "வெறும் தரைங்க, பயப்படாம வாங்க" என்று கத்திவிடுவார். கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "ஏனக்கா, ஒருத்தனயாச்சும் முழுசா ஏமாற உடறயா? அப்பறம் எதுக்கு வரைஞ்ச?" அக்கா அசட்டுச் சிரிப்பாகச் சிரிப்பார்.

பெரிய ஓவியக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். முகம் சுத்தமாக வராது. பள்ளி வாசலில் சரஸ்வதி வரையச் சொன்னோம். வரைந்தார். அப்படியே எங்கள் தலைமையாசிரியர், மீசை மட்டும் இல்லை. தலைமையாசிரியர் வந்து பார்த்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டே போனார். ஆனால் அந்தச் சரஸ்வதியின் மடியிலிருந்த வீணை சுவரைவிட்டு ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகள் அதன் தந்தியை மீட்டப் போய்ச் சுவரைப் பிராண்டினார்கள். பசு வரைந்தால் எருமையாகும், மயில் வரைந்தால் வான்கோழியாகும். பள்ளம், மேடு, தூரம், ஆழம், இவை மட்டும் அவர் கைக்குக் கட்டுப்பட்டு வந்தன.

எதை வரைந்தாலும் அதற்கு எதிரே தரையில் சாக்பீஸால் இரண்டு பாதங்களை வரைந்து வைப்பார். நாம் வந்ததும் இரண்டு தோளையும் பிடித்து அதன் மேல் நிறுத்துவார். கூச்சமெல்லாம் கிடையாது, தாசில்தாராக இருந்தாலும் தோளில் கை போட்டுவிடுவார். "சித்த இக்கட்டால" என்று இந்தப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்துவார். "இன்னும் சித்த. ஆங், இப்பப் பாருங்க." நாம் பார்த்து வாயைப் பிளந்ததும் அதே தோளைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போவார். "இங்கிருந்து பாருங்க, ஒண்ணுமேயில்ல. வெறும் கோணக் கோடு." பிளந்த வாயைக் கொஞ்ச நேரமாவது அனுபவிக்க விட்டால் என்ன என்று எனக்கு எரிச்சலாக வரும். எரிச்சலோடேதான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. நான் தனியாக வாடகைக்கு இருந்தேன், அவரும் தனியாள். பொழுது சாய்ந்தால் என் வீட்டில் அவர், இல்லை அவர் வீட்டில் நான்.

ஒரு சனிக்கிழமை சோளக்காட்டுச் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். ஒரு மேட்டில் அக்கா நின்றார். வழக்கம்போல என் தோளைப் பிடித்தார்.

"அங்க ஒரு ஊடு தெரியுதுங்களா டீச்சர்?"

தெரிந்தது. எதிர்ச் சரிவில் நீளமான ஓட்டு வீடு. நல்ல வசதியான வீடு. "யார் வீடு அக்கா? பெரிய இடம் போலிருக்கே" என்றேன்.

அவர் என்னைப் பக்கவாட்டில் நாலு எட்டு நகர்த்தினார். வீடு இரண்டாகப் பிரிந்தது. முன்னால் இருந்தது ஒரு சின்னக் குடிசை. பின்னால், நடுவில் ஒரு பள்ளத்தையே விட்டுவிட்டு, அந்தப் பக்கத்து மேட்டில் வேறொரு பெரிய வீடு. முதலில் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே வீடாகத் தெரிந்திருக்கிறது. நானே இரண்டு முறை இங்கும் அங்குமாக நடந்து பார்த்தேன்.

"முன்னால இருக்கறது எங்கூட்டுக்காரரு ஊடு. பின்னால இருக்கறது வேற ஆருதோ" என்றார் அக்கா. "கல்யாணத்துக்கு முன்ன மாப்பிள ஊட்டுப் படிய மிதிக்கக் கூடாதும்பாங்க எங்க சனத்துல. அதனால எங்கப்பனையும் என்னையும் இங்க கூட்டியாந்து, நீங்க நின்ன அதே எடத்துல நிறுத்தி, 'அதா தெரியுது பாருங்க, அதுதான் ஊடு'ன்னு காட்டுனாங்க. எங்கப்பன் சந்தோசத்துல அங்கயே கையெடுத்துக் கும்புட்டுப்போட்டாரு."

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஊடுதானுங்க பொய்யி. ஆளு நெசம். நெம்ப நல்ல மனுசன். பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயி, பெயிண்டு வேல பழக்கி உட்டதே அவருதான். அங்க பெரிய பெரிய கடைக்குள்ளார தரையில பள்ளம் வரைவாங்க டீச்சர், அதப் பாத்துத்தான் நானும் கத்துக்கிட்டேன். மஞ்சக் காமாலையில போயிச் சேந்துட்டாரு." பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "ஆனா ஒண்ணுங்க. அன்னிக்கு நாங்க இங்க நின்னப்ப இந்த வழியா எத்தனையோ சனம் போச்சு. எங்களப் பாத்தாங்க. நாங்க எதப் பாக்கறோம்னும் பாத்தாங்க. அவங்களுக்கெல்லாம் தெரியும். ஒருத்தராச்சும் நின்னு, 'கண்ணு, சித்த இக்கட்டால வந்து பாரு'ன்னு சொல்லியிருக்கலாமில்லீங்க?"

அந்த ஆட்கள் யாரென்று தெரிந்திருந்தால் அன்றைக்கே தேடிப் போய்ச் சண்டை பிடித்திருப்பேன். அவர் டீக்கடையில் ஏன் அப்படிக் கத்துகிறார் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

எங்கள் பள்ளி ஒரு வளைவு முடிந்து ரோடு சரிவாக இறங்கும் இடத்தில் இருந்தது. ஊர் ஒரு பக்கம், பள்ளி மறுபக்கம். அருவி பார்க்க வருகிறவர்கள் வளைவு தாண்டியதும் இனி இறக்கம்தான் என்ற குஷியில் வண்டியை விடுவார்கள். பள்ளி விட்ட நேரத்தில் ஒரு பைக் வந்து இரண்டாம் வகுப்பு கோமதியைத் தட்டிவிட்டுப் போனது. கால் எலும்பு முறிந்தது. அது உயிரோடு இருந்ததே எங்கள் பாக்கியம். வேகத்தடை கேட்டு நான் ஏறாத ஆபீஸ் இல்லை. வளைவுக்குப் பக்கத்தில், சரிவில் போட முடியாது, போட்டால் வண்டி கவிழும் என்றார்கள். மெதுவாகச் செல்லவும் என்று ஒரு போர்டு மட்டும் வைத்தார்கள். பைக்கில் வந்த பையன்கள் அந்தப் போர்டில் சாய்ந்து நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

"அக்கா, ரோட்டில் ஒரு மேடு வரைந்து கொடுங்கள்" என்று கேட்டேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "வேண்டாமுங்க டீச்சர். சுவத்துல ஏமாந்தா நகத்தோட போகும். ரோடு அப்படியில்ல. அதுவுமில்லாம வரைஞ்சுபோட்டு நான் வாய மூடிக்கிட்டு இருக்கோணும். எனக்கு வராதுங்க."

நான் அவரைக் கோமதி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்து அந்தப் பிள்ளை பலாக்கொட்டை தின்றுகொண்டிருந்தது. அக்கா அதன் பக்கத்தில் உட்கார்ந்து மாவுக்கட்டின் மேல் ஒரு ஜன்னல் வரைந்தார். ஜன்னலுக்குள் ஒரு கால் தெரிந்தது. கோமதி கட்டை உடைத்துவிட்டதாக நினைத்து அலறவும், "பெயிண்டு சாமி, பெயிண்டு" என்று கட்டிப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும், "ஞாயித்துக்கிழம வரையறேனுங்க" என்றார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என் கையில் அடித்துச் சத்தியமும் செய்தார்.

அன்றைக்கு இரண்டு பக்கமும் மரக்கிளையை வெட்டிப் போட்டு வழியை மறித்துக்கொண்டோம். தலைமையாசிரியரும் நானும் வண்டிகளை நிறுத்தி நிறுத்தி அனுப்பினோம். வளைவின் ஓரத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு, டிரைவர் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் ஏறி நின்று பார்ப்பார் அக்கா, இறங்கி ஓடிப் போய்க் கோடு போடுவார், மறுபடி ஏறிப் பார்ப்பார். வெள்ளை, சாம்பல், கறுப்பு, மூன்றே நிறம். மாலையில் பார்த்தபோது ரோட்டுக்குக் குறுக்கே வெள்ளைக் கல் பாளங்கள் வரிசையாகக் கிடந்தன. கிடந்தன என்றுகூடச் சொல்ல முடியாது, தரையைவிட்டுக் கொஞ்சம் எழும்பி நின்றன. வரைந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த எனக்கே வளைவிலிருந்து பார்த்ததும் தாண்டக் கால் எழும்பியது.

முதலில் ஒரு பைக் வந்தது. கிறீச்சென்று பிரேக் அடித்து, இரண்டு காலையும் ஊன்றி, உருட்டிக்கொண்டு வந்து, சக்கரத்தை மெதுவாக ஏற்றினான். ஏறுவதற்கு ஒன்றுமில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். சுவருக்குப் பின்னால் நின்று நானும் தலைமையாசிரியரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. அவர் கால் ரோட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"பாவமுங்க டீச்சர். ஓடிப்போயிச் சொல்லிப்போட்டு வந்தரட்டுங்களா?"

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் எங்கள் பிள்ளைகள் நிம்மதியாக ரோட்டைக் கடந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு விஷயம் தெரியும். வெளியே பேச்சுப் போகக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தோம். அக்காதான் உருக்குலைந்து போனார். ரோட்டில் போனால் வாய் சும்மா இருக்காது என்று காப்பித் தோட்டத்துக்குள் புகுந்து சுற்று வழியாக நடந்தார். டீக்கடைக்கு வருவதை விட்டார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஆருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே?" என்று கேட்பார். எனக்கே அலுத்துப்போனது. "கோமதிக்கு ஆனது போதாதா அக்கா?" என்பேன்.

மிளகு பறிக்கிற காலம் வந்தது. எடப்புளி நாட்டுப் பக்கமிருந்து சடையன் என்று ஒருவர் தலையில் மிளகு மூட்டையோடு சந்தைக்குப் போகிறவர், அன்றைக்குப் பார்த்து எங்கள் ரோட்டு வழியாக வந்தார். தலையில் சுமை இருக்கிறவரால் காலடியைக் குனிந்து பார்க்க முடியாது. மலையில் சுமை தூக்குகிறவர்கள் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: கல்லையும் படியையும் தூரத்திலேயே கண்ணால் அளந்து வைத்துக்கொண்டு, அந்த இடம் வந்ததும் பார்க்காமலே காலைத் தூக்கி வைப்பார்கள். சடையனும் அப்படித்தான் செய்தார். வெள்ளைக் கல்லைத் தூரத்தில் பார்த்தார், அளந்தார், வந்ததும் காலை உயர்த்தி அதன் மேல் வைத்தார். கல் இல்லை. கால் சடாரென்று கீழே போய் இடித்து முழங்கால் மடங்கியது. மூட்டை பிரிந்து மிளகெல்லாம் ரோட்டில் உருண்டு ஓடியது.

நாங்கள் ஓடிப் போய்த் தூக்கினோம். முழங்கால் பந்து மாதிரி வீங்கிவிட்டது. அவர் வலியைவிட அவமானத்தில்தான் துடித்தார். "இத்தன காலம் செமக்கறேன், படி தப்புனதில்லீங்க. கண்ணு போயிருச்சாட்ட இருக்குது எனக்கு" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

செய்தி கேட்டு வந்த அக்கா நடு ரோட்டில் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "உங்க கண்ணு நல்லாத்தானுங்க இருக்குதுண்ணா. பாவி, நாந்தான் வரைஞ்சேன். அது பெயிண்டுங்க" என்று சொல்லி அழுதார். சிந்திய மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நாங்கள் எவ்வளவு சொல்லியும் எழுந்திருக்கவில்லை.

மறுநாளிலிருந்து சத்தியம் காற்றில் போனது. அக்கா ரோட்டோரத்தில் நின்றுகொண்டு வருகிறவர் போகிறவர் எல்லாரையும் கையைக் காட்டி நிறுத்தினார். "வெறும் பெயிண்டுங்க, ஏமாந்துராதீங்க." சுமைக்காரர்களுக்குச் சொன்னார். சரி. வண்டிக்காரர்களுக்கும் சொன்னார். வேனுக்கு, பஸ்ஸுக்கு, காருக்கு, பைக்குக்கு. கொஞ்ச நாளில் எவனும் பிரேக்கில் கால் வைக்கவில்லை. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. இல்லாத மேட்டின் மேல் முழு வேகத்தில் பாய்வதை ஒருவன் போனில் படம் பிடித்துப் போட்டான். அதைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி பாய்வதற்கென்றே பையன்கள் மலையேறி வந்தார்கள். பள்ளி விடும் நேரம் வந்தால் நான் முதல் ஆளாக ரோட்டில் போய் நிற்பேன். கட்டுப் பிரித்து நொண்டி நொண்டி நடக்கத் தொடங்கியிருந்த கோமதியை நானே இடுப்பில் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் பொறுமையை இழந்தேன். போய்ப் பார்த்தால் அக்கா பெயிண்டைக் கரைக்கிற தின்னர் டப்பாவும் சாக்குத் துணியுமாக ரோட்டில் மண்டியிட்டு மேட்டை அழித்துக்கொண்டிருந்தார். நான் போய் வெள்ளைக் கல்லின் மேல் நின்றுகொண்டேன்.

"கை வைக்காதீங்க அக்கா. நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இத்தனை வந்திருக்குமா? நாளைக்கு ஒரு பிள்ளை போனால் நீங்கள் பதில் சொல்வீர்களா?"

"சடையண்ணனுக்கு நீங்க பதில் சொல்லுவீங்களா டீச்சர்?" அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பிள்ளைங்களுக்காக ஊரையே ஏமாத்தச் சொல்றீங்க. தெரிஞ்சவ வாய மூடிக்கிட்டுப் போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதுங்களா? எங்கப்பனோட அந்த மேட்டுல நின்னவ நானு."

அவர் சொன்னது நியாயம். நான் சொன்னதும் நியாயம். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் பிள்ளைகள் ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தது. நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஒரு காய்கறி வேன் ஹாரன் அடித்து எங்களைத் திட்டிவிட்டுப் போனது.

அக்கா அழிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் முழுக்கவும் அழிக்கவில்லை. ரோட்டின் இரண்டு ஓரத்திலும் ஆள் நடக்கிற அகலத்துக்கு மட்டும் சுத்தமாகத் துடைத்து வெறும் தாராக்கினார். நடுவில் இருந்ததை விட்டுவிட்டார். "நடக்கறவங்களுக்கு வழி ஆச்சு. இனி வண்டிதானே" என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்தார். அடுத்த நாள் ஊர்க்கூட்டம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கூட்டம் மந்தையில் நடந்தது. மந்தை என்பது கோயிலுக்கு முன்னால் உள்ள பொது இடம், அதற்குள் யாரும் செருப்புப் போட மாட்டார்கள். அக்கா ஓரமாக, பெண்கள் நிற்கிற பக்கத்தில் நின்று குரல் கொடுத்தார்.

"பெரியவங்களுக்குக் கும்புடுங்க. ரோட்டுல இருக்கற மேடு பொய்யிங்க. உங்களுக்கெல்லாம் தெரிஞ்சதுதான், இருந்தாலும் நானே வாயால சொல்லிப்போடறேன்."

"பொய்யின்னா அழிச்சுப்போடு. இதுக்கு எதுக்கு கூட்டத்துல பேச்சு?" என்றார் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர்.

"அழிச்சா பிள்ளைங்களுக்கு ஆபத்துங்க. உட்டா ஆரும் மதிக்கறதில்லீங்க, நானே சொல்லிக் கெடுத்துப்போட்டேன். அதனால ஒண்ணு கேக்கறேனுங்க. நம்மூரு வண்டிங்க எல்லாம் அந்த எடத்துக்கு வந்தா, நெசமாலுமே மேடு இருக்கறாப்பல மெதுவா ஏறி எறங்கோணும். நம்ம வண்டியப் பாத்துத்தானுங்க பின்னால வாரவன் ஓட்டறான்."

கூட்டம் சிரித்தது. காய்கறி வேன்காரர் எழுந்தார். "இல்லாத மேட்டுக்கு நான் எதுக்கு பிரேக்கு போடோணும்? நல்லாருக்குதே நாயம்!"

அக்கா அவர் காலைப் பார்த்தார். "உங்க செருப்பு எங்கீங்கண்ணா?"

"அங்க கழட்டி உட்டிருக்கறேன்."

"அங்கன்னா எங்கீங்க? கோடு போட்டிருக்குதுங்களா? வேலி இருக்குதுங்களா? கல்லு நட்டிருக்குதுங்களா?"

வேன்காரர் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெறும் மண் தரையில், ஒரே நேர் வரிசையில், ஊரார் செருப்பெல்லாம் கிடந்தன. அங்கே ஒரு கோடும் இல்லை. எந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு விட்டாலும் சரியாக அதே இடத்தில்தான் கழற்றும்.

"இல்லாத கோட்டுக்குச் செருப்பக் கழட்டறோம். ஆரு மெரட்டி கழட்டறோமுங்க? அது சாமிக்கு. இது பிள்ளைங்களுக்குன்னு நெனச்சுக்கோங்க."

கவுண்டர் தாடையைச் சொறிந்துகொண்டார். "ஏனம்மா, எங்களயெல்லாம் பொய்யி சொல்லச் சொல்றயே?"

"எல்லாத்துக்கும் தெரிஞ்சு, எல்லாரும் ஒத்துக்கிட்டா அது பொய்யில்லீங்க. அது கட்டுப்பாடுங்க."

கவுண்டர் வேன்காரரைப் பார்த்தார். வேன்காரர் தரையைப் பார்த்தார். "அப்படீன்னா கட்டுப்பாடாவே வெச்சுப்போடலாம்" என்றார் கவுண்டர். எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. மந்தையில் கை தட்டக் கூடாதோ என்னவோ என்று பயந்து அடக்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒத்துக்கொண்டோம் என்பதற்காக எங்கள் ஊர்க்காரர்கள் நடித்த நடிப்பு இருக்கிறதே! காய்கறி வேன்காரர் நத்தையாக வந்து, முன் சக்கரம் ஏறும்போது ஒரு தரம், பின் சக்கரம் ஏறும்போது ஒரு தரம் சீட்டிலிருந்து எம்பிக் குதித்தார். பால்காரர் கேனைப் பிடித்துக்கொண்டு 'ஐயோ' என்றார். பஸ் வந்தால் உள்ளே இருக்கிற ஊர்ச் சனம் மொத்தமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடியது. பின்னால் வந்த கார்க்காரன் மிரண்டு போய் அடித்தான் பிரேக். அவனுக்குப் பின்னால் வந்தவனும் அடித்தான். பிள்ளைகள் வரிசையாகக் கடந்தார்கள்.

அக்கா மறுபடி டீக்கடைக்கு வந்தார். வெளியூர்க்காரர் யாராவது இறங்கி வந்து, "இது நெச மேடா?" என்று கேட்டால் மறைக்கவே மாட்டார். "பெயிண்டுதானுங்க. ஆனா எங்கூருல இதுக்கு பிரேக்கு போடோணுமுங்க" என்பார். கேட்டவர் சிரித்துவிட்டு, போகும்போது பிரேக் போட்டுப் போவார். அக்கா அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தார். அப்படி ஒரு முகத்தை அவரால் வரைந்திருக்க முடியாது.

எனக்கு ராசிபுரத்துக்கு மாற்றல் வந்தது. அக்கா ஒரு காண்ட்ராக்டரோடு கேரளாவுக்கு வேலைக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். ஆரம்பத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தோம், பிறகு அதுவும் குறைந்தது. இந்த வருஷம் மழை முடிந்த சமயத்தில் டீக்கடைக்காரர் கூப்பிட்டார். அக்கா நெஞ்சு வலியில் போய்விட்டார், ஊருக்குக் கொண்டு வந்து அடக்கமும் செய்தாயிற்று. எனக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஊரில் அவருடைய தங்கை இருந்தார். துக்கம் விசாரிக்க மலையேறினேன்.

மலை மேல் பஸ் நிற்கிற செம்மேடு என்ற ஊரில் ஒரு ஷேர் வேனில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தேன். டிரைவர் அடிவாரத்துக்காரர், மலைக்கு வந்து கொஞ்ச மாதம்தான் ஆகிறது என்றார். வளைவு தாண்டியதும் சீட்டின் நுனிக்கு வந்து ரோட்டைப் பார்த்தேன். ரோடு புதிதாகப் போட்டிருந்தார்கள். கறுகறுவென்று தார். வெள்ளைக் கல்லின் ஒரு சுவடுகூட இல்லை. அக்கா கையால் போட்ட கடைசிக் கோடும் அடியில் போய்விட்டது என்று நினைத்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வேன் மெதுவானது. இன்னும் மெதுவானது. எறும்பு ஊர்வது போல ஓர் இடத்தைத் தாண்டிவிட்டு மறுபடி வேகமெடுக்காமல் நின்றது. பின்னால் இரண்டு பைக்குகள் பிரேக் அடித்து நின்ற சத்தம் கேட்டது. பள்ளி விட்டிருந்தது. பிள்ளைகள் இரண்டு பக்கமும் பார்க்காமல்கூட, பேசிச் சிரித்துக்கொண்டு கடந்தார்கள்.

"ஏன் தம்பி இங்க இவ்வளவு மெதுவா வந்தீங்க?" என்று கேட்டேன்.

"மேடு இருக்குதுங்களேம்மா."

"எங்கே இருக்கு?"

"இப்பத் தாண்டுனமே, அதுதானுங்க. எல்லா வண்டியும் இங்க மெதுவாத்தான் ஏறி எறங்கோணும்." என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏனுங்க, உங்களுக்கு ஒண்ணும் தூக்கிப் போடலீங்களா?"

அக்கா இருந்திருந்தால் வேனிலிருந்து குதித்து, இந்த மனுஷனின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், வெறும் தாரைத் தடவிக் காட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் விட்டிருப்பார். எனக்கும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இன்னும் நாலைந்து பிள்ளைகள் ரோட்டில் இருந்தார்கள். கடைசியாக வந்த ஒரு சின்னது நடு ரோட்டில் நின்று, அவிழ்ந்த ரிப்பனைக் கட்டிக்கொண்டிருந்தது.

"போட்டுச்சு தம்பி. நல்லாவே தூக்கிப் போட்டுச்சு" என்றேன்.